ராத்தா மறுபடியும் ஏசினாள்

எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஓர் அக்கா. ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கண்டக்குழியில் ஒரு லொட்ஜில் அவளுக்குச் சமையல் வேலை. கச்சான் காற்று எழும்பியதும் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, பட்டம் இழுக்கிற பக்கமெல்லாம் கடலோரக் களப்புத் தண்ணீரின் மேல் வழுக்கிப் போகிற விளையாட்டு அது. பகல் முழுக்க அப்படி விளையாடிவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்கு ராத்தா சோறு போடுவாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதை இரண்டு பக்கமும் ஒரு குறையாக எடுத்ததே இல்லை.

"சோத்துக் கோப்பையில மிச்சம் வைக்கிறியா? உன்ட உம்மா உன்ன இப்பிடியா வளர்த்தா?" என்று தாடிக்கார ஜெர்மன்காரன் ஒருவனைப் பார்த்துக் கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிடுவான். அடுத்த வருசம் கூட்டாளிமாரையும் கூட்டிக்கொண்டு வருவான்.

நான் எத்தாளையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டியில் லொட்ஜுக்குப் போய், ராத்தாவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவது என் வழக்கம். எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. வழி முழுக்க அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்து கதைத்துக்கொண்டே வருவாள். முதலாளி, வெள்ளைக்காரர், மீன் கொண்டு வருகிறவன், மரக்கறி கொண்டு வருகிறவன், கட்டாரில் வேலை செய்கிற தன் மகன், கடலுக்குப் போய்விட்டு வந்து ஈரச் சாரத்தைக் கதிரையில் போடுகிற புருசன் என்று எல்லாருக்கும் அவளிடம் ஏச்சு இருந்தது. எனக்கும் இருந்தது. அவளுடைய ஏச்சில் ஒரு நாளும் யாருக்கும் காயம் பட்டதாக நான் கேள்விப்படவில்லை. ஏச்சு விழவில்லையென்றால்தான், ராத்தாவுக்கு நம் மேல் கோபமோ என்று யோசிப்போம்.

அவளுடைய மூக்கும் அப்படித்தான். மீன் பெட்டியின் மூடியைத் திறக்க முந்தியே, "இது நேத்துப் பட்டது, திருப்பிக் கொண்டு போ" என்பாள். கொண்டு வந்தவன் சத்தியம் பண்ணிப் பார்ப்பான். பிறகு சிரித்துக்கொண்டே திருப்பி எடுத்துப் போவான்.

மாற்றம் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் முடியவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் சம்பவம் இதுதான். ஒரு நாள் பின்னேரம் நான் லொட்ஜுக்குள் ஸ்கூட்டியைத் திருப்பும்போதே கருகல் மணம் அடித்தது. குசினிக்குள் ஓடினேன். அடுப்பில் பருப்புச் சட்டி அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. ராத்தா அதற்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, கருகுதே."

"கருகுதா?" என்றாள். சட்டியை இறக்கினாள். திரும்பவும் வெங்காயத்தை வெட்டினாள். தடிமன் போல, மூக்கு அடைத்திருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய கதை குறைந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் முதுகுக்குப் பின்னால் சத்தம் இல்லாமல் போனது. நான் ஏதாவது கேட்டால் பதில் வரும், அதுவும் ஒரு சொல்லில். தானாக ஒன்றும் கதைக்கமாட்டாள். மச்சான், அதாவது ராத்தாவின் புருசன், ஈரச் சாரத்தைக் கதிரையில் போட்டால் அது அங்கேயே கிடந்து காய்ந்தது. முதலில் மச்சானுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. "வயசு போகப் போக உன்ட ராத்தாக்கு அமைதி வந்திட்டு" என்று சந்தோசமாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்களும் அடக்கமாகிவிட்டாள் என்று மெச்சினார்கள்.

கட்டாரில் இருந்த மகன்தான் முதலில் பயந்தான். ஒரு நாள் எனக்குத் தனியாகப் போன் எடுத்து, "சாச்சி, உம்மாக்கு என்ன? நான் வீடியோவில கதைச்சா என்ட முகத்தப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கா. சாப்பிட்டியா எண்டுகூடக் கேக்கல்ல" என்றான்.

அவன் சொன்ன பிறகுதான் நானும் கவனித்துப் பார்த்தேன். ராத்தா குளிக்கச் சொன்னால் குளித்தாள், சொல்லாவிட்டால் குளிக்கவில்லை. உடுத்த உடுப்போடு படுத்தாள். பெருநாளுக்குப் புடைவை எடுக்கக் கூப்பிட்டேன், "வேணாம்" என்றாள். ஒரு மையத்து வீட்டில், எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது, தேத்தண்ணி தரமாட்டார்களா என்று சத்தமாகக் கேட்டாள். இன்னொரு நாள் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில், இருந்த கதிரையிலேயே சிறுநீர் போய்விட்டது. அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் இல்லை, கவலையும் இல்லை. மற்றவர்கள் கண்ணில் பட முந்தி என் அபாயாவைக் கழற்றி அவளுக்குப் போர்த்திக் கூட்டிக்கொண்டு வந்தேன். த்ரீவீலில் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் அழுதேன்.

சனம் பல விதமாகக் கதைத்தது. கண்ணூறு என்றார்கள். ஜின் பிடித்திருக்கும் என்றார்கள். மகன் வெளிநாடு போன கவலை என்றார்கள். எங்கள் பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதித் தண்ணீர் தந்தார். தந்துவிட்டு மச்சானைப் பார்த்து, "நான் என்ட பங்கச் செய்திட்டன். நீங்க டொக்டரிட்டயும் கொண்டு போங்க, சுணங்க வேணாம்" என்றார்.

மனநோய்க் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்தவர் பொறுமையான டொக்டர். மனச்சோர்வு என்று நினைத்து மாத்திரை தந்தார். வெளியில் இருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தோம். மாதங்கள் போயின. லொட்ஜ் முதலாளி நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். ராத்தாவால் சமைக்க முடியாமல் போன பிறகும் அவர் அந்த வேலைக்கு வேறு ஆளை நிரந்தரமாக எடுக்கவில்லை. "அக்கா வந்து கதிரையில இருந்தாலும் பரவாயில்ல. வெள்ளைக்காரன் எல்லாம் அவவத்தான் கேக்குறான்" என்றார். அதனால் சில நாள் அவளைக் கொண்டு போய் இருத்துவேன். அவள் களப்பைப் பார்த்தபடி இருப்பாள். தாடிக்கார ஜெர்மன்காரன் அந்த வருசமும் வந்திருந்தான். சாப்பிட்டு வழித்த வெற்றுக் கோப்பையைக் கொண்டு வந்து அவளுக்குக் காட்டினான். அவள் அதைப் பார்த்தாள். பிறகு களப்பின் பக்கம் திரும்பிவிட்டாள். அவன் கோப்பையோடு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

பிறகு கிளினிக்குக்கு ஒரு பெண் டொக்டர் மாறி வந்தார். பழைய டொக்டர் எழுதி வைத்ததை எல்லாம் வாசித்துவிட்டு, ராத்தாவிடம், "உங்களுக்குக் கவலையா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அழுகை வருமா?"

"இல்ல."

"ஒரு நிமிசத்துக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்ச மீன்ட பேரெல்லாம் சொல்லுங்க பாப்பம்."

கடற்காரன் பெண்சாதி, சமையல்காரி. எங்கள் ராத்தா, "சூரை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பாரை" என்றாள். அதோடு நின்றுவிட்டாள். பேர் மறந்துபோய் யோசிக்கிறவளின் முகமாகவும் அது இல்லை. கேள்வி முடிந்துவிட்டது என்பது போலச் சும்மா இருந்தாள்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "முதல் முதல் நீங்க கவனிச்ச வித்தியாசம் என்ன?"

நான் அடிப்பிடித்த பருப்புச் சட்டியைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நேர்ஸை அனுப்பிக் கோப்பித் தூள் எடுப்பித்தார். ராத்தாவின் கண்ணை மூடச் சொல்லி, ஒரு பக்க மூக்கைப் பொத்தி, மற்றப் பக்கத்தில் தூளைப் பிடித்தார். பிறகு மாற்றிப் பிடித்தார். சவுக்காரம் பிடித்தார். ஒன்றும் மணக்கவில்லை என்றாள். லைட் அடித்துக் கண்ணுக்குள்ளே நிறைய நேரம் பார்த்தார்.

"நான் பிழையா நினைச்சும் இருக்கலாம்" என்றார் டொக்டர். "ஆனா தலைய ஸ்கேன் பண்ணிப் பாப்பம். இந்தக் கிழமையே."

ஸ்கேனில் தெரிந்தது. நெற்றிக்குப் பின்னால், மூக்குக்கு நேர் மேலே, ஒரு பெரிய தேசிக்காய் அளவில், எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு, ஒரு கட்டி. மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் முளைத்துப் பல வருசமாக மெல்ல மெல்ல வளர்ந்திருக்க வேண்டும், புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, எடுத்துவிடலாம் என்றார் டொக்டர். மணத்தை மூளைக்குக் கொண்டு போகிற நரம்பு அதற்குக் கீழே நசிந்திருக்கிறது. மூளையின் முன்பக்கத்தையும் அது இரண்டு பக்கமும் தள்ளி அமத்திக்கொண்டிருக்கிறது.

"அந்த முன்பக்கம்தான் ஒரு வேலையத் தொடங்க வைக்கிறது, ஆசைப்பட வைக்கிறது, எந்த இடத்தில எதக் கதைக்கலாம் எண்டு பாக்கிறது" என்றார். "அவவுக்குக் கவலை இல்ல. பிடிவாதமும் இல்ல. தொடங்குறதுக்கான தள்ளல் வரல்ல, அவ்வளவுதான்."

மச்சான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அவ என்னில கோபப்பட்டு இப்பிடி இருக்கல்ல?" என்று கேட்டார்.

"இல்ல."

வெளியே வந்து நடையில் இருந்த மர வாங்கில் இரண்டு பேரும் இருந்தோம். மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நியாயமாக நாங்கள் பயந்திருக்க வேண்டும். மச்சானோ முகத்தை இரண்டு கையாலும் துடைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் யார் மேல் குற்றம், எதனால் வந்தது என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு, தேசிக்காய் அளவில் ஒரு பதில் கிடைத்திருந்தது. மச்சான் போய் எங்கள் மூன்று பேருக்கும் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக்கொண்டு வந்தார். ராத்தா நடுவில் இருந்து வடையைச் சாப்பிட்டாள்.

ஒப்பரேஷன் கொழும்பில். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அன்று பகல் நான் என்ன ஓதினேன், எதைச் சாப்பிட்டேன் என்று எதுவும் ஞாபகம் இல்லை. பின்னேரம் சேர்ஜன் வெளியே வந்து, கட்டி முழுக்க எடுபட்டுவிட்டது என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மகன் போனில் அழுதான். முதலாளிக்குச் செய்தி சொன்னேன்.

ராத்தா கண்ணைத் திறந்தாள், எங்களை அடையாளம் கண்டாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தலையில் பெரிய கட்டு, முகம் வீங்கியிருந்தது. கேட்டால் பதில், இல்லாவிட்டால் பேசாமல் இருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வீக்கம் இறங்க வேண்டும், பொறுங்கள் என்றார்கள். கட்டியை எடுத்தும் ராத்தாவைத் திரும்ப எடுக்க முடியாமல் போனதோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. மச்சானுக்கும் இருந்திருக்கும்.

ஒரு நாள் பகல், பார்க்க விடுகிற நேரத்தில் மச்சான் சாப்பாட்டுப் பொதியோடு வந்தார். கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்து, அவசரத்தில் கிடைத்த சேர்ட்டைப் போட்டிருந்தார். பொத்தானை மாறிப் பூட்டியதில் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் நின்றது. ராத்தா அவரை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இந்தச் சேர்ட்ட ஆருட்ட வாங்கிப் போட்டீங்க?" என்றாள். "பொத்தானையாவது பாத்துப் பூட்ட ஏலாதா? இந்தக் கோலத்தில ஆஸ்பத்திரிக்குள்ள நடந்து வந்தா, பாக்கிறவன் பொஞ்சாதி மௌத்தாப் போயிட்டா எண்டெல்லோ நினைப்பான்."

மச்சான் சாப்பாட்டுப் பொதியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

"என்னத்த?"

"இப்ப ஏசினியே. அத."

"உங்களுக்கென்ன விசரா?" என்று கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "இவருக்கு என்னவாம்? நீயும் ஏன் அழுறாய்?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண்மணி, என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். என் ராத்தா புருசனுக்கு ஏசுகிறாள் என்று சிங்களத்தில் சொன்னேன். "அப்ப சுகம்" என்று அவர் சிரித்தார். அந்த வார்டு முழுக்கச் சிரித்தது. ராத்தாவுக்கு மட்டும் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. அன்று பின்னேரம் மகனை வீடியோவில் பிடித்துக் கொடுத்தோம். மெலிந்துபோனான் என்று அவனுக்கும் ஏச்சுக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சீக்கிரம் களைத்துப் போவாள். வலிப்பு வராமல் இருக்க மாத்திரை போட வேண்டியிருந்தது. சில நாள் வாய்க்குப் பூட்டே இல்லாமல், பார்க்க வந்தவர்களின் மூக்கு, நிறம், மருமகள் எல்லாவற்றையும் பற்றி நேருக்கு நேர் சொல்லிவிடுவாள். நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டி மன்னிப்புக் கேட்பேன். அதுவும் மெல்ல மெல்ல அடங்கியது. மொட்டை அடித்த தலையில் மயிர் முளைத்தது. காதிலிருந்து காதுவரை போகிற தழும்பை, முந்தானையை விலக்கி, வருகிற பெண்களுக்கெல்லாம் காட்டினாள்.

மணம் மட்டும் திரும்பவில்லை. அந்த நரம்பு போனது போனதுதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் நம்பவில்லை. கறுவா, கராம்பு, ரம்பை என்று ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மூக்கில் வைத்து இழுத்தாள். கடைசியில் ஒரு போத்தலைச் சுவரில் எறிந்தாள். கிழமைக்கணக்கில் கோபமாக இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டு, அது கிடைக்காமல் கோபப்படுகிற ராத்தாவை நாங்கள் எவ்வளவு நாளாகத் தேடியிருக்கிறோம்.

அடுத்த கச்சான் காற்றோடு அவள் லொட்ஜுக்குப் போனாள். முதல் நாள் மீன் பெட்டி வந்ததும், குசினி வாசலால் போன ஓர் இத்தாலிக்காரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "மணந்து பார். நல்லமா, பழுதா?" என்று கேட்டு, இரண்டு சொல்லுக்கும் முகத்தால் நடித்துக் காட்டினாள். இத்தாலிக்காரி குனிந்து மணந்துவிட்டு, "பலுது" என்றாள். மீன் கொண்டு வந்தவன் சத்தியம் பண்ணினான். ராத்தா பெட்டியைத் திருப்பி அனுப்பினாள். அந்தக் கிழமைக்குள் லொட்ஜில் இருந்த எல்லா வெள்ளைக்காரர்களும் அவளுக்கு மூக்காகிவிட்டார்கள். அடுப்பில் சட்டி இருந்தால் யாராவது ஒருவரைக் கதிரையில் பிடித்து இருத்திவிடுவாள். உப்பும் புளியும் உறைப்பும் நாக்கில் இருக்கிறது, அது போதும் என்றாள். உண்மையில் உறைப்பு முன்னைவிடக் கூடிவிட்டது. யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

ஒரு நாள் லொட்ஜின் பின்பக்கப் படியில் இருந்து இரண்டு பேரும் இறால் உடைத்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு நாளும் கேட்கப் பயந்ததை அன்று கேட்டேன்.

"அந்த நாளில உங்களுக்கு எப்பிடி இருந்திச்சி ராத்தா?"

அவள் இறாலை உடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"கஷ்டமா ஒண்டும் இருக்கல்ல" என்றாள். "அதுதான் இப்ப நினைச்சா பயமா இரிக்கி. நீங்கெல்லாம் அங்க இரிக்கிறது தெரியும். நீ அழுறது தெரியும். இவளுக்கு ஏதாவது சொல்லோணும் எண்டு வரும். அதோட நிண்டிரும். பசிச்சா பசிக்கிது எண்டு தெரியும். எழும்பிப் போய்ச் சாப்பிடோணும் எண்டது வராது."

"கலியாண வீட்டில நடந்தது ஞாபகம் இரிக்கா?"

"எல்லாம் ஞாபகம் இரிக்கி." கையைத் தண்ணீரில் அலசினாள். "நீ உன்ட அபாயாவக் கழட்டித் தந்தாய். அண்டைக்கு வெட்கம் வரல்ல. அந்த வெட்கம் எல்லாம் சேத்து வீட்டுக்கு வந்த பொறகு வந்திச்சி. ஒரு கிழமை படுக்கையில இருந்து முகத்த மூடிக்கொண்டு அழுதன். உனக்குச் சொல்லல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அவள் தோளில் சாய்ந்தேன். இறால் கையோடு சாயாதே, சட்டை மணக்கும் என்று என்னைத் தள்ளிவிட்டாள். "எனக்கு மணக்காது. மத்தவங்களுக்கு மணக்குமே."

காற்று விழுந்து கடல் அமைதியான பிறகு, திடீரென்று ஒரு நாள், டொல்பின் பார்க்கப் போக வேண்டும் என்றாள். அவள் பிறந்து வளர்ந்தது இந்தக் கடற்கரையில், கட்டியது கடற்காரனை. ஆனால் ஒரு நாளும் வெளிக்கடலுக்குப் போனதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் போவதில்லை. உல்லாசப் பயணிகள்தான் காலையில் போட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

"அது வெள்ளைக்காரன் பாக்கிற சாமான்" என்றார் மச்சான். "நான் நாளாந்தம் பாக்கிறன். மீன்தான், கொஞ்சம் பெரிசு."

"நீங்க பாத்தா நான் பாத்த மாதிரியா?"

ஒரு சனிக்கிழமை காலை மச்சானே தன் போட்டில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். உயிர்காப்புச் சட்டையை மாட்டி, முந்தானையைத் தலையோடு இறுக்கிக் கட்டி, ராத்தா போட்டின் முன்பக்கத்து அணியத்தில் போய் இருந்தாள். கரை மறைந்ததும் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. அவளுக்கு ஒன்றும் இல்லை. கொண்டுபோன பாண் ரொட்டியையும் சம்பலையும் பிரித்துச் சாப்பிட்டாள்.

மச்சான் எஞ்சினைக் குறைத்துக் கையைக் காட்டினார். முதலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரித்தான் தெரிந்தது. பிறகு அவை எங்களைச் சுற்றி வந்துவிட்டன. கூட்டம் கூட்டமாக, போட்டுக்கு அடியால் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தன. ஒன்று தண்ணீரை விட்டு எழும்பி, ஆகாயத்தில் தன்னைத்தானே பம்பரம் மாதிரிச் சுற்றிவிட்டு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டி, சரியாகச் சுற்ற வராமல் வயிறு அடிபட விழுந்தது.

ராத்தா இரண்டு கையையும் தட்டினாள். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மச்சான் எஞ்சினை முழுக்க நிறுத்தினார். அவர் பார்த்தது டொல்பினை இல்லை, அவளைத்தான்.

கூட்டம் வடக்கே போனதும் போட்டைக் கரைக்குத் திருப்பினார். கொஞ்சத் தூரம் வந்ததும் ராத்தா திரும்பி, "அந்தத் தூரத்தில தெரியிறது என்ன தீவு?" என்று கேட்டாள்.

"பத்தலங்குண்டு. நாங்க வாடி போட்டுத் தங்கி மீன் பிடிக்கிற இடம்."

"அங்க பொம்பளையள் போகலாமா?"

"போகலாம். ஏன்?"

"அப்ப அடுத்த சனி அங்க போவம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ வயித்துக்கு ஒண்டும் சாப்பிடாம வா" என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த பாணைக் கையில் எடுத்தாள்.